டீக்கடை ஓரத்துப் போர்டு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போன் செய்திருக்கலாம். போனில் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குக் குரல் ஏறிவிடும், நீங்களும் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் யாரையும் பாதியில் வெட்ட முடியாது.

நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். உங்கள் பேச்சு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், அவ்வளவுதான். பாப்பா மட்டும் அப்பாவுக்கு எதிரிலேயே "சித்தப்பா எப்ப வருவார்" என்று கேட்கிறாள். அவளுக்கு வாய் உங்கள் குடும்பத்து வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாடிக் கட்டடம் கட்டும் கான்ட்ராக்ட் நமக்கு வரும்போல இருக்கிறது. இதுவரை நாம் எடுத்ததிலேயே பெரியது. விலை, ஆள், அனுபவம் எல்லாம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால்தான் கையெழுத்தாம். ஏற்கெனவே நம்மிடம் மூன்று சான்றிதழ் இருக்கிறது. அடுக்குமாடிக்காரர் ஒன்று கேட்டார், வாங்கினோம். நகராட்சி, அது போதாது, இன்னொன்று என்றது. ஃபேக்டரிக்காரர் மூன்றாவது இல்லாமல் கேட்டைத் திறக்கவே மாட்டேன் என்றார். சான்றிதழ் தரும் மூன்று நிறுவனமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான் தம்பி, கேட்கும் விதம்தான் வேறு. ஒரே முதலுதவிப் பெட்டியை ஒருவருக்கு மூடி வைத்துப் படம் எடுக்க வேண்டும், இன்னொருவருக்குத் திறந்து வைத்து, மூன்றாமவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி. மேஸ்திரியை மூன்று பேரும் தனித்தனியாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். "ஏணி ஏறுறது எப்படின்னு மூணு தடவை படிச்சிட்டேம்மா, இனிமே இறங்கத்தான் மறந்துடும்போல" என்கிறார்.

சிரிப்பதற்காக இன்னொன்று சொல்கிறேன். இப்போது நடப்பது துணிக் கிடங்கு ஒன்றை அலுவலகமாக மாற்றும் வேலை. ஆபத்து என்றால் ஆட்கள் வந்து சேர வேண்டிய 'கூடும் இடம்' கேட் பக்கம் இருக்க வேண்டும் என்றார் கண்ணாடி போட்ட ஆய்வாளர். அடுத்த நிறுவனத்து உயரமான மேடம், கேட்டில் லாரி வரும், அதனால் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்க வேண்டும் என்றார். இரண்டு இடத்திலும் கொக்கி அடித்துவிட்டேன். யார் வருகிறார்களோ அதற்கேற்பப் போர்டை மாற்றி மாட்டுகிறோம்.

சிரிப்பு வராத ஒன்றும் இருக்கிறது. காலையில் சாரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் அண்ணன் டீயே குடிப்பார், உங்களுக்குத் தெரியும். இப்போது மத்தியானம் வரை என் எதிரில் உட்கார்ந்து, தினமும் காலையில் சாரத்தைச் சுற்றிப் பார்ப்பதாக ஃபாரம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் சிபாரிசு கேட்கவில்லை. அந்த மூன்று பேர் பார்த்து ஒத்துக்கொண்டதை உங்கள் நிறுவனம் அப்படியே ஏற்குமா? இது ஒன்றுதான் கேள்வி.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டேன். பாப்பாவுக்கு என் அன்பு. என் வாய் அவளுக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காது. மற்ற நிறுவனங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பது எங்களுக்குத் தெரியாது, அவர்கள் பார்த்ததற்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. இதுதான் விதி. எங்கள் ஃபாரத்தில், எங்கள் வரிசையில்தான் எல்லாம் வர வேண்டும். கூடும் இடம் கட்டடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதனால் கேட்டும் சரிவராது, தொட்டியும் சரிவராது. போர்டை மாற்றி மாட்டும் கதையைத் தயவுசெய்து வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். கேள்விப்பட்டால் மூன்றும் போய்விடும்.

நான் அந்தப் பக்கம் போய்விட்டவன் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் என்னுடைய நியாயத்தையும் கேளுங்கள். நம் சைட்டில் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் சாரத்தில் ஏறிய பூச்சுக்காரர் விழுந்தாரே, அவர் இன்னமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன். அன்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிற வரை வேலையை நிறுத்துவோம் என்று சொன்னேன். "எழுதிட்டா எவனும் விழ மாட்டானா?" என்று ஆட்களுக்கு முன்னால் அண்ணன் கேட்டார். அதற்குப் பிறகு நான் எப்படி அங்கே நிற்பது? இப்போது நான் போகிற இடங்களில் என் ஃபாரம் கேட்பதனால்தான் பெல்ட் வாங்குகிறார்கள். அதைக் கண்ணால் பார்க்கிறேன். காகிதத்தை முழுக்கக் குப்பை என்று சொல்லாதீர்கள் அண்ணி.

விண்ணப்பம் அனுப்புங்கள். வேறு ஒருவர் பார்ப்பார். உறவினர் ஃபைலை நான் தொடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள்.

போன வாரம் கிடங்கில் புகை. மாடிப்படிக்கு அடியில் பெயின்ட் வைத்திருந்த அறையில் ஒயர் சூடாகி, தின்னர் டப்பா தீப்பிடித்துக்கொண்டது. சைரன் அடித்தது, எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். ஓடி வந்தவர்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் பாதிப் பேர் கேட்டுக்கு ஓடினார்கள், பாதிப் பேர் தொட்டிக்கு ஓடினார்கள்.

உங்கள் அண்ணன் கேட்டில் நின்று எண்ணினார், ஆள் குறைந்தது. பின்பக்கம் இருப்பார்கள் என்று ஊகித்தார். ஆனால் சுருட்டை மட்டும், புதிதாகச் சேர்ந்த குழாய் வேலைக்காரன், உச்சி மாடியில் காதடைப்பான் போட்டுக்கொண்டு மெஷினில் குழாய் அறுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். சைரன் கேட்டிருக்காது என்று நினைத்துவிட்டார். போன் போட்டுக் கேட்க வழியில்லை. வேலை செய்யும் இடத்தில் போன் கூடாது என்பது மூன்றாவது நிறுவனத்தின் விதி, எல்லார் போனும் என் மேஜைப் பெட்டியில்தான் கிடந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுருட்டை அந்த நேரம் தொட்டிக்கு அடியில், ஹெல்மெட் வாரைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கற்றுக்கொடுத்தபடி வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

புகையில் படி தெரியாமல் விழுந்து அண்ணனுக்குக் கணுக்கால் உடைந்தது. நெஞ்சிலும் புகை இறங்கிவிட்டது. இரண்டு பேர் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போய் இழுத்து வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இருமல் வந்தால் கட்டிலே ஆடுகிறது. வீட்டுக்கு விட இன்னும் நாளாகும் என்கிறார்கள்.

மேஸ்திரியிடம் நான் கோபமாகத்தான் கேட்டேன். "அன்னைக்குப் போர்டு கேட்லதானே மாட்டியிருந்துச்சு, ஏன் பின்னால ஓடுனீங்க?"

"போர்டை யாரும்மா பாக்குறா? கண்ணாடிக்காரர் கேட்டா கேட்டுன்னு சொல்லணும், உயரமான மேடம் கேட்டா தொட்டின்னு சொல்லணும். நிஜமாவே புகை வந்தா எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

அவர் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். பரீட்சைக்குப் பதில் சொல்லப் பழக்கினேனே தவிர, தப்பிக்கப் பழக்கவில்லை.

இரண்டு கொக்கியையும் பிடுங்கிவிட்டேன். ஆட்கள் எல்லாரையும் உட்கார வைத்து, "நிஜமாவே புகை வந்தா உங்க கால் எங்க ஓடும்?" என்று கேட்டேன். கடைசியில், எதிர்ச் சந்து டீக்கடைக்குத்தான் ஓடும் என்றார்கள். லாரி வராத சந்து. கட்டடத்தின் எல்லா வாசலிலிருந்தும் தெரிகிறது. கடைக்காரரிடம் சொல்லி அவர் கடை ஓரத்தில் ஒரு கம்பம் நட்டாயிற்று. இனிமேல் ஒரே போர்டு, ஒரே இடம்.

ஃபைலும் ஒன்றுதான். உண்மையில் நாங்கள் செய்வது என்ன என்று ஒரே ஒருமுறை எழுதப்போகிறேன். அதையே நான்கு நகல் எடுத்து, உங்கள் நிறுவனம் உட்பட, நால்வருக்கும் அனுப்பப்போகிறேன். மேலே ஒரே கடிதம். பிடித்தால் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் ரத்து செய்யுங்கள் என்று. பள்ளிக்கூட வேலை போனாலும் சரி.

அண்ணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? இருமல் குறைந்ததா? நான் வந்து பார்க்கலாமா? நீங்கள் வரச் சொன்னால் மறுநாளே வருவேன். சொல்லாமல் வந்தால் அவருக்கு மூச்சு முட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போர்டு மாற்றி மாட்டுவதாக நீங்கள் எழுதியபோது, சான்றிதழ் போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆள் போய்விடும் என்று தோன்றவில்லை. இந்த வேலையில் இத்தனை நாள் இருந்தும் தோன்றவில்லை.

அலுவலகக் கூட்டத்தில் கேட்டேன். மற்ற நிறுவனங்களோடு உட்கார்ந்து பொதுவாக ஒரு ஃபாரம் வைத்துக்கொண்டால் என்ன என்றேன். "அவங்க வேற, நாம வேற" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரே ஃபைலை அனுப்பாதீர்கள். உள்ளே இருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் படிவத்தில் இல்லை என்று முதல் பக்கத்திலேயே திருப்பிவிடுவார்கள். பள்ளிக்கூட வேலை வேறு ஆளுக்குப் போகும். இத்தனை ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்கார்ந்து நான்கு படிவத்தையும் உங்களுக்காக நிரப்பிக் கொடுக்கிறேன். என் பெயர் எங்கும் வராது.

தங்கள் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் கோல், வாயில் முணுமுணுப்பு. இருமல் முக்கால்வாசி போய்விட்டது. டாக்டர் ஓய்வு என்றார், இவர் மறுநாளே ஆட்டோ பிடித்து சைட்டுக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து சாரத்தைக் கோலால் தட்டிப் பார்க்கிறார். ஃபாரம் எழுத நான் கூப்பிடுவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு நன்றி. வேண்டாம். நீங்களே எழுதி உங்கள் ஆட்களே திருத்துவதா? அதைவிட ஒரு பொய் உண்டா? உங்கள் பெயரை மறைத்துக்கொண்டு நீங்கள் எனக்குச் செய்யும் எந்த நல்லதும் எனக்கு வேண்டாம். செய்வதைப் பெயரோடு செய்யுங்கள்.

நான்கு பேருக்கும் அனுப்பிவிட்டேன். அடுக்குமாடிக்காரருக்காக வாங்கிய சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, படிவம் சரியில்லையாம். அவருடைய அடுத்த கட்டட வேலை கையை விட்டுப் போய்விட்டது. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஃபேக்டரி நிறுவனத்தில் யாரோ ஒரு புண்ணியவான் முழுக்கப் படித்துவிட்டு, "தெளிவாக இருக்கிறது" என்று ஏற்றுக்கொண்டார். நகராட்சி ஃபைல் பரிசீலனையில் இருக்கிறது, அப்படியென்றால் அதன் மேல் யாரோ டீ டம்ளர் வைத்திருக்கிறார்கள். பாக்கி உங்கள் நிறுவனம்தான்.

நீங்கள் சொன்னது ஒன்று தவறு தம்பி. நான் தனி ஆள் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். புகைக் கதை ஊரில் பரவியதும் மின்வேலை கான்ட்ராக்டர் அம்மா வீட்டுக்கே வந்தார். "நீங்க நாலு, நான் ஆறு" என்று பையிலிருந்து ஆறு சான்றிதழையும் எடுத்துச் சீட்டுக்கட்டுபோலப் பரப்பினார். பெயின்ட் கான்ட்ராக்டர் வந்தார், கூரை வேலைக்காரர் வந்தார். ஒவ்வொருவர் சைட்டிலும் இப்படி இரண்டு போர்டு கதை ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் ஆய்வாளருக்குக் காட்டுவதற்கென்றே யாரும் ஏறாத ஏணி ஒன்று புத்தம்புதிதாக இருக்கிறதாம். எல்லாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருமுறை பாருங்கள், ஒழுங்காகப் பாருங்கள், ஒருவர் பார்த்ததை மற்றவர் நம்புங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பூச்சுக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்களே. அவர் பெயரையும் எங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அன்று நீங்கள் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆட்களுக்கு முன்னால் உங்கள் அண்ணன் உங்களை விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். செருப்பைத் தேடினார். கட்டுப்போட்ட காலில் ஏறவில்லை, உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வந்தால் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், நடுவில் நான் டீ ஆற்ற வேண்டும். வேண்டாம். உங்கள் நிறுவனத்து ஆட்களை சைட்டுக்கு வரச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வரட்டும். ஃபைலை அப்புறம் பார்க்கலாம், முதலில் சைரனை அடித்து ஆட்களின் காலைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று வந்திருந்தோம். நீங்கள் பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கப் போயிருந்ததாகச் சொன்னார்கள். அண்ணன் ஒன்றும் விவரம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

உறவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். மூத்த ஆய்வாளர் மேடம், "நீ அளவு நாடாவைப் பிடி, கையெழுத்து என்னோடது" என்று அழைத்து வந்தார்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குறை எழுதியிருக்கிறார். டீக்கடை ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. போர்டை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினால் அன்றைக்கே சான்றிதழ் தருவார்கள். நகர்த்தாவிட்டால் இல்லை.

போர்டை நகர்த்தாதீர்கள் அண்ணி.

அந்த ரோட்டை நான் நின்று பார்த்தேன். புகைக்குத் தப்பி ஓடுகிறவர்கள் லாரியில் சிக்குவார்கள். இதைத் தனியாக ஒரு பக்கம் எழுதி, என் பெயரும் கையெழுத்தும் போட்டு, இன்று காலை தலைமை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். உங்கள் எல்லாருடைய கடிதத்தையும் அதோடு இணைத்தேன். பள்ளி நிர்வாகம் கூப்பிட்டால் அவர்களிடமும் இதையே நேரில் சொல்வேன். வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேசவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன். மிஞ்சிப்போனால் பழைய ஃபைல் அறையில் உட்கார வைப்பார்கள், எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கும்போது மேடம், "அந்த அம்மா எழுதின ஃபைலை என் மேஜையில வை, முழுசாப் படிக்கணும்" என்றார். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆகிற வரை நான் விடப்போவதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மேடம் உள்ளே நுழைந்ததும் யாரிடமும் சொல்லாமல் சைரனை அடித்தார். நான் மாடிப்படி ஓரத்தில் இருந்தேன். தடதடவென்று இறங்கினார்கள். ஒருவர்கூட இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிற்கவில்லை, அத்தனை பேரும் ஒரே வழியாகச் சந்துக்குள் புகுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சுருட்டை யார் என்று கேட்காமலே தெரிந்தது, அந்தத் தலைக்கு ஹெல்மெட் எப்படிப் பொருந்துகிறது என்றுதான் தெரியவில்லை. அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு கடைசியாக வந்தார். கேட்டில் எல்லாரும் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகிற நோட்டு அவர் கையில் இருந்தது. என்னைப் பார்த்தார். கண்ணை எடுத்துக்கொண்டார்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். மேஸ்திரி, சுருட்டை, மின்வேலைக்காரர்கள், கலவைக்காரர்கள். பிறகு மேடம் பெயர். அவரும் "இருக்கேன்" என்றார், சிரித்துக்கொண்டே. அதற்கு அடுத்த வரியில் நான்தான் எழுதியிருந்தேன்.

அங்கே அண்ணன் நின்றுவிட்டார். நோட்டைப் பார்த்தபடி நின்றார். எல்லாரும் பதில் சொல்லாமல் யாரும் கலையக் கூடாது என்பது நீங்கள் எழுதிய விதி. அதனால் அத்தனை பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். டீக்கடைக்காரர்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மேடம் என்னைப் பார்த்தார். கூப்பிடாமல் நோட்டை மூடிவிடுவாரோ என்று நினைத்தேன்.

நோட்டில் நான் எழுதியிருந்த பெயரை அண்ணன் படிக்கவில்லை. அம்மா இருந்தவரை வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயரைச் சொல்லி, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "சின்னவன்" என்றார்.

"இருக்கேன்" என்றேன்.

பென்சிலால் டிக் அடித்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

இப்படிக்கு,
சின்னவன்